சாளையை அளந்த கையால் கணிதம் படிப்பது

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 35 வயது. பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டுவிட்டேன். ஆய்வுக் கட்டுரையில் சமன்பாடு வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு முடிவுரைக்குப் போய்விடுகிறேன். இந்த வயதில் கணிதத்தை முதலிலிருந்து படிக்க முடியுமா? ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கவும் ஆசை. எதை முதலில் தொடங்குவது?"

முடியும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போனவன்தான்.

என் வேலை மீன்வள உயிரியல். குளச்சலிலும் முட்டத்திலும் விடியற்காலையில் ஏலம் முடிவதற்குள் மீனை அளந்து, எடை போட்டு, வயிற்றைக் கீறிச் சினை பார்த்து எழுதிக்கொள்வது. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவை எடுத்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இந்தக் கதை உண்டு. "செடி கொடியும் மீனும் படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் அன்போடுதான் சொன்னார்கள். பதினைந்து வயதில் எடுத்த அந்த ஒரு முடிவு, முப்பது வயதுக்கு மேல்தான் தன் விலையைக் கேட்கும்.

என்னிடம் கேட்டது சாளை (மத்தி மீன்) வழியாக. நூற்றுக்கணக்கான சாளைகளின் நீளத்தையும் எடையையும் அட்டவணையாக்கி, கணினியில் போட்டு, இரண்டுக்கும் இடையே ஒரு நேர்கோடு வரைந்து ஆய்விதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இந்தக் கோட்டின்படி 9 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனின் எடை என்ன? போட்டுப் பார்த்தேன். சுழிக்குக் கீழே போனது. கடலில் நீந்தும் ஒரு குஞ்சுக்கு என் கோடு எதிர்மறை எடை கொடுத்திருந்தது. அளந்ததில் பிழை இல்லை, கணினியிலும் பிழை இல்லை. எந்த வடிவக் கோடு அந்த மீனுக்குப் பொருந்தும் என்று கேட்கும் பழக்கம் என்னிடம் இல்லை. அன்று இரவு பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

நான் முதலில் கற்றது மடக்கை (லாகரிதம்). நீங்களும் அதில் தொடங்குவது நல்லது. ஒரு மீன் நீளத்தில் இரு மடங்கானால் அகலத்திலும் தடிமனிலும் ஏறக்குறைய இரு மடங்காகும். எடை இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, அதாவது எட்டு மடங்கு. 10 செ.மீ. சாளை 10 கிராம் என்று வைத்துக்கொண்டால் 20 செ.மீ. சாளை 20 கிராம் இருக்காது, 80 கிராம் அளவில் இருக்கும். மீன் வாங்கும் எந்தப் பெண்ணுக்கும் இது கைக்கணக்காகத் தெரியும். இப்போது நான்கு எண்களுக்கும் மடக்கை எடுங்கள், அதாவது 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்று பாருங்கள். நீளம் 1-லிருந்து 1.301 ஆகிறது, எடை 1-லிருந்து 1.903 ஆகிறது. எடையின் ஏற்றம் 0.903, நீளத்தின் ஏற்றம் 0.301. வகுத்தால் 3. வளைந்து கிடந்த புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கின்றன, அந்தக் கோட்டின் சாய்வு "இந்த மீன் மூன்று திசையிலும் ஒரே விகிதத்தில் வளர்கிறது" என்கிறது. சாய்வு 3-க்குக் கீழே இறங்கினால், வளர வளர மீன் ஒல்லியாகிறது என்று பொருள். இதை என் சொந்த நோட்டில் இருந்த எண்களைக் கொண்டு போட்டுப் பார்த்த நாளில்தான் மடக்கை எனக்குச் சொந்தமானது. பள்ளியில் மனப்பாடம் செய்த மடக்கை அட்டவணை அதைச் செய்யவில்லை.

அடுத்து நுண்கணிதம் (கால்குலஸ்). இதைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் நான் ஒரு கட்டன்சாயாவை (பால் சேர்க்காத தேநீர்) காட்டுவேன். சூடாக ஊற்றி வைத்தால் முதல் சில நிமிடங்களில் சட்டென்று ஆறும், பிறகு ஆறும் வேகம் குறைந்துகொண்டே போகும். சாயாவின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, ஆறும் வேகமும் அவ்வளவு. இந்த ஒரு வாக்கியமே ஒரு வகைக்கெழுச் சமன்பாடு, அதாவது மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடு. இப்போது சாயாவுக்குப் பதில் மீனை வையுங்கள். அந்த இனம் எட்டக்கூடிய பெரிய நீளத்துக்கும் இன்றைய நீளத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, வளரும் வேகமும் அவ்வளவு. குஞ்சு வேகமாக வளர்கிறது, பெரிய மீன் மெதுவாக வளர்கிறது. உயிரியலாளர் பெர்ட்டலான்ஃபி 1938-இல் முன்வைத்த வளர்ச்சிச் சமன்பாட்டின் உள்ளடக்கம் இதுதான். உலகெங்கும் மீன்வள ஆய்வுக்கூடங்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. சாயாவும் சாளையும் ஒரே சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகின்றன என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் சொல்லி மாளாது.

உயிரியலாளர் கணிதத்திடம் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் ஒரு வரலாறு இருக்கிறது. இத்தாலியில் உம்பெர்ட்டோ டான்கோனா என்ற விலங்கியலாளர், ஏட்ரியாட்டிக் கடற்கரையின் மீன் சந்தைக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் குளச்சல் ஏலக் கணக்கு போன்றதுதான். ஃபியூமே துறைமுகத்தில் வந்த மீனில் சுறா, திருக்கை வகைகளின் பங்கு 1914-இல் சுமார் 12 சதவீதம். 1918-இல் அது 36 சதவீதமாகிவிட்டது. 1923-க்குள் மீண்டும் 11 சதவீதத்துக்கு இறங்கியது. இடையில் நடந்தது முதல் உலகப் போர். படகுகள் கடலுக்குப் போவது வெகுவாகக் குறைந்தது. மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும், வேட்டை மீன் மட்டும் ஏன் கூடுதல் பங்கு பெற்றது? டான்கோனா இதைக் கொண்டுபோய் வைத்தது வீட்டோ வோல்டெரா என்ற பெரிய கணித அறிஞரிடம். அவர் டான்கோனாவுக்கு மாமனார் முறை. அப்போது அவருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது.

வோல்டெரா 1926-இல் வெளியிட்ட விடையில் இரண்டே இரண்டு சமன்பாடுகள். இரை மீன் தானாகப் பெருகும், வேட்டை மீனைச் சந்தித்தால் குறையும். வேட்டை மீன் தானாகக் குறையும், இரையைச் சந்தித்தால் பெருகும். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா 1925-லேயே தனியாக இதே வடிவத்துக்கு வந்திருந்தார். இந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தால், எதிர்பாராத ஒன்று வெளிவருகிறது. இரையின் நீண்டகாலச் சராசரியைத் தீர்மானிப்பது வேட்டை மீனின் இறப்பு வீதம். வேட்டை மீனின் சராசரியைத் தீர்மானிப்பது இரையின் பெருக்க வீதம். வலை போட்டு இரண்டையும் ஒரே அளவில் பிடிக்கிறோம் என்றால், இரையின் பெருக்கம் குறைகிறது, அதனால் வேட்டை மீன் குறைகிறது. வேட்டை மீனின் இறப்பு கூடுகிறது, அதனால் இரை கூடுகிறது. வலையை நிறுத்தினால் இது தலைகீழாகிறது. போர்க்காலத்தில் சுறாவின் பங்கு ஏறியது இதனால்தான் என்பது வோல்டெராவின் விளக்கம். இந்த முடிவை வெறும் யோசனையால் எட்டுவது எனக்குச் சாத்தியமாகப் படவில்லை. தாளில் எழுதித் தீர்த்தால் பத்து வரிகளில் வந்து நிற்கிறது.

தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். அங்கே ஒரு நூலகத்தில் இதைச் சொன்னபோது பெரியவர்கள் மத்தியில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரையின் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாட்கள். ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு காலம் வாய்த்திருப்பது ஆய்வு செய்ய நினைப்பவருக்குக் கொடை. ஆனால் வோல்டெராவின் இரண்டு சமன்பாடுகளை அப்படியே எடுத்து நம் கடலின் மேல் ஒட்டக்கூடாது. நம் கடலில் நூற்றுக்கணக்கான இனங்கள், மழைக்காலத்து நீரோட்டம், முட்டையிடும் பருவம் எல்லாம் உண்டு. மாதிரி எங்கே உடைகிறது என்று பார்க்கத் தெரிவதும் கணிதம் படிப்பதில் ஒரு பகுதி.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எறும்புகளை ஆராய்ந்த ஈ. ஓ. வில்சன், ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியரான பிறகு, 32-ஆம் வயதில், இளநிலை மாணவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து நுண்கணிதம் படித்தார். அந்த வகுப்பில் அவரிடமே படிக்கும் மாணவர்களும் இருந்தார்கள். டார்வின் தன் வரலாற்றில், கணிதத்தின் அடிப்படைகளைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது முன்னேறாமல் போனதற்கு ஆழமாக வருந்துவதாக எழுதினார். கணிதம் தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு புலன் இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. அதே காலத்தில் மெண்டல் வியன்னாவில் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு வந்து பட்டாணியை எண்ணினார். உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்தால் 2.96. அவருக்கு முன்பும் செடிகளைக் கலந்து பார்த்தவர்கள் உண்டு. எண்ணி, வகுத்து, அந்த 3-க்கு என்ன காரணம் என்று கேட்டவர் அவர்.

நடைமுறைக்கு வருகிறேன். நான் போன வரிசை இது: மடக்கையும் அடுக்கும், நிகழ்தகவு, நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, கடைசியாக அணிகள் (மேட்ரிக்ஸ்). புள்ளியியல் தனியாக வேண்டாமா என்று கேட்பீர்கள். நிகழ்தகவு புரியாமல் புள்ளியியல் சூத்திரங்களைப் படிப்பது, நம் துறையில் எல்லோரும் செய்யும் தவறு. எந்தச் சோதனையை எங்கே போடுவது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறோம். நாணயத்தை நூறு முறை சுண்டி எழுதிப் பாருங்கள், அதன் பிறகு புள்ளியியல் தானே வரும்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். தமிழ்நாடு அரசின் 11, 12-ஆம் வகுப்புக் கணிதப் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் படியுங்கள். "வகையீடு" என்றால் கூறாக்கிப் பார்ப்பது, "தொகையீடு" என்றால் கூட்டித் தொகுப்பது என்று சொல்லே பாதி விளக்கிவிடுகிறது. அதன் பிறகு என்பிடெல், ஸ்வயம் என்ற அரசு இணையக் கல்வித் தளங்களில் காணொளிப் பாடங்கள் உண்டு. அணிகளுக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, பொறுமையான ஆசிரியர். வரைபடத்துக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் போதும். தினமும் நாற்பது நிமிடம், கையில் பேனாவோடு. காணொளியைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பில் சேராது, கணக்கைப் போட வேண்டும். எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அளவை எட்ட ஒன்றரை ஆண்டு ஆனது. நடுவில் மூன்று மாதம் நின்றும் போனது. அந்த மூன்று மாதத்திலிருந்து என்னை மீட்டவர்கள் பிள்ளைகள்தான், அதனால்தான் இரண்டையும் ஒன்றாகத் தொடங்கச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலையில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் கூடுவார்கள். ஒரு நாள் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டுபோனேன். இதில் எத்தனை இருக்கிறது, எண்ணாமல் சொல்ல வேண்டும். குளத்தில் மீனை எண்ணுவதற்கு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீன்களுக்குக் குறியிட்டு ஆராய்ந்த டென்மார்க்கின் பீட்டர்சன் பெயரால் வழங்கும் வழியைச் சொன்னேன். 40 கொட்டைகளை எடுத்து வெள்ளைப் புள்ளி வைத்துத் திரும்பப் போட்டுக் குலுக்கினோம். மூன்று குழுக்கள், ஒவ்வொன்றும் பார்க்காமல் 50 கொட்டை எடுத்து, புள்ளி உள்ளவற்றை எண்ணி, திரும்பப் போட வேண்டும். முதல் குழுவுக்கு 8 புள்ளிக்கொட்டை. 50-இல் 8 என்றால், மொத்தத்தில் 40. ஆகவே 40-ஐ 50-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 250. இரண்டாவது குழுவுக்கு 11 கிடைத்தது, விடை 182. மூன்றாவது குழுவுக்கு 6, விடை 333.

சண்டை வந்துவிட்டது. யார் சரி? மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம் என்றான் ஒருவன், 255 வந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "சார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து 150 கொட்டை எடுத்தோம், அதில் 25 புள்ளிக்கொட்டை. அதை ஒரே கணக்காகப் போட்டால் என்ன?" 40-ஐ 150-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தோம். 240. பிறகு பையைத் தரையில் கொட்டி எல்லோரும் உட்கார்ந்து எண்ணினோம். 238 இருந்தது. விகிதங்களின் சராசரியும் மொத்தங்களின் விகிதமும் வேறு வேறு என்பதை நான் கல்லூரிப் பட்டம் வாங்கிய பிறகும் அறிந்திருக்கவில்லை. அவள் அதைப் பன்னிரண்டு புளியங்கொட்டைகளைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்குப் போய், அவள் சொன்னது ஏன் பெரும்பாலும் நெருங்கி வரும் என்று நிகழ்தகவு கொண்டு நிறுவிப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நின்றுபோன படிப்பு அன்று மறுபடி ஓடத் தொடங்கியது.

அதே நாளில் இன்னொரு பையன், "புள்ளி வைத்த மீனைப் பறவை சுலபமாகக் கொத்திக்கொண்டு போய்விட்டால்?" என்று கேட்டான். முறையின் அடிப்படை எடுகோளே அதுதான்: குறியிட்டதும் குறியிடாததும் ஒரே வாய்ப்போடு பிடிபட வேண்டும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. (இந்த விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு ஒன்று: அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கொடுத்துவிடாதீர்கள், அதில் கொடிய நஞ்சு இருக்கிறது. புளியங்கொட்டையே போதும்.)

பெரியவர்களையும் அழையுங்கள். எங்கள் நூலகத்துக்கு வந்த ஒரு வயதான மீனவரிடம், கருவி இல்லாத காலத்தில் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, கையால் காற்றில் வரைந்து காட்டினார். "அந்த மலை உச்சி இந்தக் கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் வர வேண்டும். அது ஒரு குறி. அதை விடாமலே போனால், பக்கவாட்டில் இன்னொரு மலையும் இன்னொரு மரமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். அங்கே நங்கூரம் போடு. மக்களே, ஒரு குறி போதாது, இரண்டு ஒத்து வர வேண்டும்." கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டேன், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பள்ளியில் பிள்ளைகள் போடும் ஒருங்கமைச் சமன்பாடு அது. பள்ளிப் பாடத்துக்கு வெகு காலம் முன்பே அந்த வடிவியல் இந்தக் கரையில் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் உள்ள கணிப்பானைத் திறக்கச் சொல்லுங்கள். 0.2 என்ற எண்ணை எடுத்து, அதை 1-லிருந்து கழித்து, இரண்டையும் பெருக்கி, 2.5-ஆல் பெருக்க வேண்டும். 0.4 வரும். வந்த விடைக்கு அதையே மறுபடி செய்தால் 0.6. அதன் பிறகு எத்தனை முறை செய்தாலும் 0.6-தான். இப்போது 2.5-க்குப் பதில் 3.2. விடை 0.513, 0.800 என்று இரண்டுக்கும் இடையே மாறி மாறி ஓடும். 3.9 போட்டால் 0.62, 0.92, 0.30, 0.82, 0.57, 0.96 என்று எங்கும் நிலைக்காது. ஓர் உயிரினம் ஆண்டுதோறும் பெருகுவதையும் நெருக்கடியால் குறைவதையும் சொல்லும் மிக எளிய விதி இது. இயற்பியலிலிருந்து சூழலியலுக்கு வந்த ராபர்ட் மே 1976-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், மாணவர்களுக்கு இந்தச் சமன்பாட்டைக் கணிதக் கல்வியின் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்று மன்றாடியே கேட்டார். ஒரு வருடம் சாளை கரை நிறையக் குவிவதும் இன்னொரு வருடம் கண்ணில் படாமல் போவதும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதைச் செய்யும்போது அறையில் ஒரு சத்தமும் இருக்காது. சாளைக்குக் காரணம் இந்த விதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கடலின் வெப்பமும் உணவும் நீரோட்டமும் அதில் சேர்ந்திருக்கின்றன. வெளியிலிருந்து எந்தக் காரணமும் வராமலே இப்படி ஆட்டம் வர முடியும் என்பதுதான் பிள்ளைகள் பார்க்க வேண்டியது.

அறிவியல் பரப்புவது என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வருகின்றன. நான் அதில் நம்பிக்கை இழந்துவிட்டேன். பத்துப் பிள்ளைகள், ஒரு கேள்வி, மூன்று மாதம், இதுதான் பலன் தருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பல ஆண்டுகளாக வெளியிடும் துளிர் இதழை நூலகத்துக்கு வரவழையுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு, பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து எழுத வேண்டும். அதற்கு வழிகாட்டியாகப் பெயர் கொடுங்கள். ஒரு நிபந்தனை: தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள். தேரூர் குளத்தில் நீர்க்காகங்களை எண்ணப் போன எங்கள் பிள்ளைகள், காலையில் எண்ணுவதும் மாலையில் எண்ணுவதும் ஏன் ஒத்துவரவில்லை என்று தாங்களே ஒரு கேள்வியோடு திரும்பினார்கள். அதுவே அந்த ஆண்டின் ஆய்வானது.

ஆகஸ்ட் முதல் வாரம் தடைக்காலம் முடிந்து குளச்சலில் விசைப்படகுகள் கரை திரும்பும். ஒரு மீன் அளக்கும் பலகை, ஒரு சின்னத் தராசு, ஒரு நோட்டு, மூன்று பிள்ளைகள். காலை ஐந்தரைக்கு வந்தால் ஏலத்துக்கு முன்னால் நூறு மீனையாவது அளந்துவிடலாம். வியாபாரிகள் முதலில் முறைப்பார்கள், அளந்த மீனைத் திரும்பக் கூடையில் அடுக்கி வைத்தால் அடுத்த நாள் இடம் விட்டுக் கொடுப்பார்கள். நீளத்தையும் எடையையும் பிள்ளைகளே எழுதட்டும். மதியம் உட்கார்ந்து மடக்கை எடுத்துப் புள்ளி வையுங்கள். சாய்வு எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள், என் நோட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.